பக்கெட், ஸ்டாப்வாட்ச், ஒரு குச்சி: உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் உண்மையில் எத்தனை லிட்டர்?

சனிக்கிழமை காலை. அத்திபெலேயில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் முன்னால் தண்ணீர் டேங்கர் வந்து நிற்கிறது. பக்கவாட்டில் '6,000 லிட்டர்' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பைப்பைச் சுருட்டிக்கொண்டு லாரி கிளம்பிவிடுகிறது. மாலையில் வாட்ஸ்அப் குழுவில் ஓனரின் மெசேஜ்: "இந்த மாசம் ஆறு லோடு. தலைக்கு 350."

எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஓசூர் என எங்கோ வேலை பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வாடகைக்கு இருப்பவர்கள் பலருக்கும் இது பழகிய காட்சிதான். காசை அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம்.

ஆனால் வந்தது 6,000 லிட்டர்தானா? அதில் நம் பங்கு எவ்வளவு? குளியலறையில் எவ்வளவு போகிறது, ஒழுகும் குழாயில் எவ்வளவு போகிறது? இதற்கெல்லாம் பதில் தெரிந்துகொள்ள மீட்டர் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் பக்கெட், கையில் இருக்கும் போன், அளவு குறித்த ஒரு குச்சி போதும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அத்திபெலேயில் இந்தக் கணக்கு ஏன் முக்கியம்?

அத்திபெலே பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேகல் தாலுகாவில், தேசிய நெடுஞ்சாலை 44-ல், கர்நாடக எல்லையில் இருக்கும் ஊர். இதைத் தாண்டினால் ஓசூர்.

பெங்களூருவின் காவிரிக் குடிநீர் 5-ம் கட்டத் திட்டம் 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் இத்திட்டம், 2007-ல் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கானது. சொந்தமாகப் புரசபை உள்ள அத்திபெலே அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே இங்கே பல கட்டடங்களுக்கு போர்வெல்லும் டேங்கரும்தான் கதி.

போர்வெல் நிலைமையும் சரியில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீட்டில் ஆனேகல், நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும் தாலுகாக்களில் ஒன்று. அதாவது, ஒரு வருடத்தில் மழையால் மண்ணுக்குள் இறங்கும் நீரைவிட வெளியே எடுப்பது அதிகம்.

2024 மார்ச்சில் பெங்களூரு முழுவதும் இது வெடித்தது. நகருக்குத் தினமும் 260 கோடி லிட்டர் தேவை, அதில் சுமார் 50 கோடி லிட்டர் பற்றாக்குறை என்று முதல்வர் சித்தராமையா அப்போது சொன்னார். டேங்கர் விலை எகிறியதால், பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது. 5 கிலோமீட்டருக்குள் என்றால் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். 5 முதல் 10 கிலோமீட்டர் வரை என்றால் முறையே 750, 850, 1,200 ரூபாய்.

கவனித்தீர்களா? விலையை நிர்ணயிப்பது பாதி வேலைதான். 600 ரூபாய் கொடுத்து 5,000 லிட்டர் வாங்கினால், விலை ஏறியதாகத்தானே அர்த்தம்? பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவைக் கலனைக் கேட்டு நம் கண்முன்னே பிடித்துப் பார்க்கலாம். 25 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது விதி. டேங்கர் தண்ணீரில் அப்படி நம் முன்னால் யாரும் அளந்து காட்டுவதில்லை. நாமேதான் அளக்க வேண்டும்.

முதலில், உங்கள் பக்கெட் எத்தனை லிட்டர்?

பக்கெட்டில் '20 லிட்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது பொதுவாக விளிம்பு வரை நிரம்பினால் பிடிக்கும் அளவு. ஆனால் யாரும் விளிம்பு வரை நிரப்புவதில்லை. தூக்கும்போது கொட்டிவிடும் என்று கொஞ்சம் கீழேயே நிறுத்திவிடுவோம்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? வாயின் விட்டம் 32 செ.மீ. உள்ள பக்கெட்டில், விளிம்புக்கு 3 செ.மீ. கீழே நிறுத்தினாலே 2 லிட்டருக்கு மேல் குறைந்துவிடும். பக்கெட்டின் மேல்பகுதிதான் அகலமானது. அதனால் மேலே குறையும் ஒவ்வொரு செ.மீட்டரிலும் இழப்பு அதிகம். இதே காரணத்தால்தான் பாதி உயரம் வரை தண்ணீர் இருந்தால் பாதி அளவு என்று சொல்ல முடியாது. கீழ்ப் பாதியில் எப்போதும் பாதிக்கும் குறைவாகவே இருக்கும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி எடை. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஊருக்குப் போகும்போது டிராலி பேக்கை மாட்டி எடை பார்க்கும் சின்னத் தராசு இருக்கிறதா? காலி பக்கெட்டை மாட்டிப் பாருங்கள். பிறகு தண்ணீரோடு மாட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிலோவோ, அத்தனை லிட்டர். தராசு அதிகபட்சம் எத்தனை கிலோ தாங்கும் என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலி பக்கெட் ஒரு கிலோ என்றால், தராசு 16 கிலோ காட்டும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். பக்கெட்டைச் சமதரையில் வைத்து, அந்த மட்டத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் உங்கள் 15 லிட்டர் கோடு. 5, 10 லிட்டருக்கும் இதேபோல் கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இனி இந்த பக்கெட்தான் உங்கள் அளவுகோல்.

தராசு இல்லையா? சீல் பிரிக்காத 1 லிட்டர் குடிநீர் பாட்டிலில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடித்து முடித்ததும் அதே பாட்டிலில் அந்தக் கோடு வரை பிடித்து, 15 தடவை பக்கெட்டில் ஊற்றினால் போதும்.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். "பத்து குடம் தண்ணி புடிச்சோம்" என்று அம்மா போனில் சொன்னால் அது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். குடத்துக்குக் குடம் அளவு மாறும். இந்தக் கட்டுரையில் ஒரு குடம் என்றால் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

குழாயின் வேகத்தை அளப்பது எப்படி?

இதற்குத்தான் ஸ்டாப்வாட்ச். குழாயை வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, பக்கெட்டில் 15 லிட்டர் கோட்டை எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். லிட்டரை விநாடியால் வகுத்து 60-ஆல் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கிடைத்துவிடும்.

15 லிட்டருக்கு 75 விநாடி ஆனால்: 15 ÷ 75 × 60 = 12. அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர்.

மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஓவர்ஹெட் டேங்க் நிரம்பியிருக்கும்போதும், அடியில் இருக்கும்போதும் வேகம் மாறலாம். இன்னொரு விஷயம்: பக்கெட் பத்து விநாடிக்குள் நிரம்பிவிட்டால் கணக்கை நம்பாதீர்கள். நீங்கள் பட்டனை ஒரு விநாடி தாமதமாக அழுத்தினாலே 10 சதவீதம் பிசகும். அவ்வளவு வேகமான குழாய்க்கு 200 லிட்டர் டிரம்தான் சரி.

இந்த எண் தெரிந்தால் என்ன லாபம்? 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், வணிக நிறுவனங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் உள்ளிட்டவற்றில் குழாய் முனையில் ஏரேட்டர் பொருத்த உத்தரவிட்டது. தண்ணீரோடு காற்றைக் கலந்து, குறைந்த நீரிலேயே தாரை நிறைவாக வரச் செய்யும் சின்ன வலைமூடிதான் அது. அது உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று கேட்டால், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். அதே 15 லிட்டருக்கு இப்போது 225 விநாடி ஆனால், வேகம் நிமிடத்துக்கு 4 லிட்டர். அரை நிமிடம் கை கழுவ முன்பு 6 லிட்டர், இப்போது 2 லிட்டர். விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை, உங்கள் வீட்டு எண்ணே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு எத்தனை பக்கெட்?

பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் குடிநீர்த் திட்டங்களை வகுக்கும்போது, தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டத்தில் இது 55 லிட்டர். நம் பக்கெட் கணக்கில் சொன்னால், நகரத்தில் 9 பக்கெட், கிராமத்தில் 4 பக்கெட்டுக்கும் கொஞ்சம் குறைவு.

உங்கள் கணக்கைப் பார்க்க ஒரு விடுமுறை நாள் போதும்.

குளியல்: பக்கெட்டில் குளித்தால் எத்தனை பக்கெட் என்று நேரடியாகத் தெரியும். ஷவர் என்றால், அதன் கீழே பக்கெட்டை அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். 5 லிட்டர் சேர்ந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர். எட்டு நிமிடக் குளியல் 80 லிட்டர். அதாவது 5 பக்கெட்டுக்கும் மேல்.

ஃப்ளஷ்: சிஸ்டர்னுக்கு வரும் வால்வை மூடிவிட்டு ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். பிறகு அளந்த பாட்டிலால் பழைய மட்டம் வரை நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ, அதுதான் ஒரு ஃப்ளஷ்.

வாஷிங் மெஷின்: வடிகால் குழாயை டிரம்முக்குள் விட்டு, ஒரு முழு சுற்றுக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்று பாருங்கள். குழாய் முனை மெஷினுக்குள் இருக்கும் தண்ணீர் மட்டத்தை விடக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்துவிட்டால் சில மெஷின்களில் தண்ணீர் தானாகவே வடிந்துகொண்டே இருக்கும்.

ஆர்.ஓ.: சுத்தமான நீர் ஒரு லிட்டர் சேரும் நேரத்தில், கழிவுக் குழாயில் எவ்வளவு சேர்கிறது என்று பக்கெட்டில் பிடித்துப் பாருங்கள். பல வீடுகளில் கழிவு நீர்தான் அதிகமாக இருக்கும். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது போதும்.

தெரியாமல் போகும் தண்ணீர்

பெரும்பாலும் நாம் கணக்கில் விடுவது ஒழுகலைத்தான். சொட்டுச் சொட்டாக விழும் குழாயின் கீழே இரவு 10 மணிக்கு ஒரு பாத்திரத்தை வையுங்கள். காலை 6 மணிக்கு அதில் ஒரு லிட்டர் இருந்தால், நாளைக்கு 3 லிட்டர், மாதத்துக்கு 90 லிட்டர். 6 குடம்.

சொட்டாக இல்லாமல் நூல்போல ஓடினால் கதை வேறு. ஒரு நிமிடத்தில் 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர், சேர்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 144 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கென்று ஒதுக்கும் நீரைவிட அதிகம். 42 நாளில் ஒரு 6,000 லிட்டர் டேங்கர் முழுசா காலி.

சிஸ்டர்ன் ஒழுகல் கண்ணுக்கே தெரியாது. அதன் தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கலந்துவிட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

டேங்கர் அளவு சரியா? சம்பில் பார்ப்பது எப்படி?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். 6,000 லிட்டரை பக்கெட் பக்கெட்டாக அளக்க முடியாது. ஆனால் அது விழும் சம்ப்பையே ஒரு பெரிய பாத்திரமாக நினைத்துக்கொள்ளலாம்.

சம்ப்பின் உட்புற நீளம், அகலம் தெரிந்தால் வேலை எளிது. நீளம் 2.5 மீட்டர், அகலம் 2 மீட்டர் என்றால் பரப்பு 5 சதுர மீட்டர். தண்ணீர் ஒரு செ.மீ. ஏறினால் 50 லிட்டர் வந்திருக்கிறது. அப்படியானால் 6,000 லிட்டருக்கு மட்டம் 120 செ.மீ. ஏற வேண்டும்.

நீளமான பி.வி.சி. பைப்பிலோ மூங்கில் குச்சியிலோ செ.மீ. கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். டேங்கர் திறப்பதற்கு முன் குச்சியைச் செங்குத்தாக அடிவரை விட்டு எடுத்து, நனைந்த உயரத்தைக் குறியுங்கள். தண்ணீர் விட்டு முடித்து, அலை அடங்கிய பிறகு மறுபடியும் குறியுங்கள். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நேரத்தில் மோட்டார் ஓடக்கூடாது, சம்ப்பில் விழும் வேறு குழாய் எதுவும் திறந்திருக்கக்கூடாது.

ஏறியது 102 செ.மீ. மட்டுமே என்றால் வந்தது 5,100 லிட்டர். 900 லிட்டர் குறைவு. லோடுக்கு 700 ரூபாய் என்றால், 105 ரூபாய்க்கான தண்ணீர் வரவில்லை. பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் மாதம் ஆறு லோடு என்றால் 5,400 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு முழு டேங்கர்.

சம்ப்பின் அளவு தெரியாதா? வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. அங்கேதான் பக்கெட் மறுபடியும் உதவுகிறது. மொட்டை மாடியில் ஓவர்ஹெட் டேங்கில் விழும் குழாயின் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். 15 லிட்டருக்கு 18 விநாடி என்றால், மோட்டார் நிமிடத்துக்கு 50 லிட்டர் ஏற்றுகிறது. 20 நிமிடம் ஓடவிட்டால் 1,000 லிட்டர். அந்த நேரத்தில் சம்ப்பில் மட்டம் 20 செ.மீ. இறங்கினால், ஒரு செ.மீ. என்பது 50 லிட்டர். டேப் பிடிக்காமலே சம்ப்பை அளந்துவிட்டீர்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அளக்கிறேன் என்று சம்ப்புக்குள் இறங்கவே கூடாது. மூடிய தொட்டிகளில் ஆக்சிஜன் குறைவாகவோ விஷவாயு இருக்கவோ வாய்ப்புண்டு. இறங்கியவரும், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து உயிரிழக்கும் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எல்லாவற்றையும் மேலிருந்து குச்சியாலேயே பாருங்கள். முடிந்ததும் மூடியை மூடிவிடுங்கள், குழந்தைகள் விளையாடும் இடம்.

டேங்கரையே அளக்க முடியாதா?

ஓரளவு முடியும். ஆனால் இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கும். 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் உள்ள டேங்கரைப் பார்த்து, மூன்றையும் பெருக்கினால் 6,480 லிட்டர் வரும். "அட, எழுதியிருக்கறத விட அதிகமாவே இருக்கே!" என்று தோன்றும்.

ஆனால் அது பெட்டி வடிவ டேங்கருக்கான கணக்கு. நிறைய டேங்கர்கள் முட்டை போன்ற நீள்வட்ட வடிவில் இருக்கும், நான்கு மூலையும் கிடையாது. ஆகவே பெருக்கி வந்ததை மீண்டும் 0.785-ஆல் பெருக்க வேண்டும். அப்போது கிடைப்பது சுமார் 5,090 லிட்டர்தான். நாம் அளந்தது வெளிப்புறத்தை என்பதால், உள்ளே இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

'ரெண்டு இஞ்ச் தண்ணி' என்றால் என்ன?

போர் போடும் இடத்தில் "ரெண்டு இஞ்ச் தண்ணி வந்திருக்கு சார்" என்பார்கள். இது பைப்பின் அளவு அல்ல. வெளியே வரும் நீரை, ஆங்கில 'வி' எழுத்துபோல வெட்டப்பட்ட தகட்டின் வழியாக ஓடவிட்டு, அந்த வெட்டில் நீர் எத்தனை அங்குல உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதுதான் இஞ்ச் கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு இஞ்ச் என்பது ஒரு இஞ்ச்சைப் போல இரண்டு மடங்கு அல்ல. உயரம் கூடும்போது வெட்டின் அகலமும் கூடுகிறது, நீரின் வேகமும் கூடுகிறது. 90 டிகிரி வெட்டில் ஒரு இஞ்ச் என்பது மணிக்கு சுமார் 500 லிட்டர். இரண்டு இஞ்ச் சுமார் 2,900 லிட்டர். மூன்று இஞ்ச் சுமார் 8,000 லிட்டர். அதனால் 'ரெண்டு இஞ்ச் ஒரு இஞ்ச் ஆயிடுச்சு' என்று யாராவது சொன்னால், பாதியாகக் குறைந்தது என்று நினைக்காதீர்கள். கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

கட்டடத்தில் போர்வெல் இருந்தால், மாதம் ஒருமுறை அதன் குழாயில் டிரம் வைத்து வேகத்தை அளந்து எழுதிவையுங்கள். ஜனவரியில் 200 லிட்டர் டிரம் 4 நிமிடத்தில் நிரம்பியது, மார்ச்சில் 8 நிமிடம் ஆகிறது என்றால் போர் பாதியாகிவிட்டது. திடீரென ஒருநாள் காற்று வரும் வரை காத்திருக்காமல், முன்கூட்டியே திட்டமிடலாம்.

மழையையும் இப்படி அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் பக்கெட்டால் அல்ல. பக்கெட் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால், அதில் நிற்கும் உயரம் மழை அளவை விடக் கூடுதலாகக் காட்டும். பக்கச் சுவர் நேராக உள்ள பாத்திரம் வேண்டும். பழைய எவர்சில்வர் டப்பா போதும். திறந்த இடத்தில் வைத்து, மழை நின்றதும் ஸ்கேலால் உயரத்தைப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மி.மீ. மழை விழுந்தால் 2,000 லிட்டர். ஒரு மாலை மழையிலேயே, டேங்கர் கணக்கில் மூன்றில் ஒரு லோடு சாக்கடைக்குப் போகிறது.

கனஅடி, டி.எம்.சி.: செய்தியில் வரும் அளவுகள்

அத்திபெலேயில் இருப்பவர்களுக்கு இந்தச் சொற்களும் தூரத்து விஷயம் இல்லை. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 5,000 கனஅடி காவிரி நீர் திறக்கச் சொன்னதை எதிர்த்து பெங்களூருவிலும் கர்நாடகத்திலும் பந்த் நடந்தபோது, தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஓசூர் எல்லையோடு நிறுத்தப்பட்டன. ஊருக்குப் போக நினைத்தவர்களுக்கு அது நேரடியான பிரச்சினை.

ஒரு கனஅடி 28.3 லிட்டர். நம் குடக் கணக்கில் கிட்டத்தட்ட 2 குடம். ஆக, விநாடிக்கு 5,000 கனஅடி என்றால் ஒவ்வொரு விநாடியும் கிட்டத்தட்ட 10,000 குடம்.

டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி, அதாவது சுமார் 2,832 கோடி லிட்டர். விநாடிக்கு 5,000 கனஅடி நாள் முழுக்க ஓடினாலும் அரை டி.எம்.சி.கூட ஆகாது, 0.43 தான். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பெங்களூருவின் குடிநீருக்காக ஆண்டுக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்பட்டது. அதை 365 நாளுக்குப் பிரித்தால் தினமும் சுமார் 37 கோடி லிட்டர்.

2019-ல் சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 50,000 லிட்டர் கொண்ட 50 வேகன்கள். மொத்தம் 25 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் தலைக்கு 135 லிட்டர் என்று பார்த்தால், ஒரு ரயில் தண்ணீர் ஏறக்குறைய 18,500 பேரின் ஒரு நாள் தேவை மட்டுமே.

கணக்கு தெரிந்த பிறகு என்ன செய்வது?

முதலில், ஒரே லோடை வைத்து யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். குச்சி சாய்ந்திருக்கலாம், நடுவில் யாராவது மோட்டார் போட்டிருக்கலாம். குறைந்தது மூன்று லோடு அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தால் அது தற்செயல் அல்ல.

அப்போதும் சண்டையாகத் தொடங்க வேண்டியதில்லை. டிரைவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஓட்டுபவர், டேங்கில் எவ்வளவு ஏற்றுவது என்பது அவர் கையில் இல்லை. "அண்ணா, ரெண்டு நிமிஷம், மட்டம் பார்த்துக்கறேன்" என்று சொல்லி அவர் முன்னாலேயே அளந்தாலே, யாரோ கணக்குப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அளந்ததை ஓனரிடம் காட்டி, எழுதியிருக்கும் அளவுக்குப் பதிலாக, சம்ப்பில் ஏறிய லிட்டருக்குப் பணம் தரலாமா என்று பேசச் சொல்லுங்கள். ஓனருக்கும் இதில் லாபம்தான்.

பேசியும் சரியாகவில்லை என்றால், சொன்ன அளவை விடக் குறைத்துக் கொடுப்பது 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். மாநிலத்தின் எடையளவுத் துறையிடம் புகார் தரலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். போட்டோ, தேதி, ரசீது மூன்றும் கையில் இருந்தால் புகாருக்கு வலு கூடும்.

அடுத்து, கட்டடத்துக்குள் இருக்கும் கணக்கு. தொடக்கத்தில் பார்த்த அந்தக் கட்டடத்தில் 12 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு லோடு என்றால் 36,000 லிட்டர். 30 நாள், 12 பேர் என்று வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர். ஒவ்வொரு லோடும் 5,100 லிட்டர்தான் என்றால் 85 லிட்டர். "நீங்க எல்லாரும் தண்ணிய ரொம்ப செலவு பண்றீங்க" என்று ஓனர் சொன்னால், 135 லிட்டர் என்ற நகர அளவுக்கும் கீழேதான் இருக்கிறோம் என்று இந்த எண்ணைக் காட்டலாம். கணக்கு 200 லிட்டருக்கு மேல் வந்தால், ஒழுகல் எங்கே என்று தேட வேண்டியது நாம்தான்.

இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இந்த ஐந்து எண்களும் கிடைத்துவிடும்:

1. உங்கள் பக்கெட்டின் 15 லிட்டர் கோடு
2. குழாயும் ஷவரும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்
3. ஒரு ஃப்ளஷுக்கு எத்தனை லிட்டர்
4. சம்ப்பில் ஒரு செ.மீட்டருக்கு எத்தனை லிட்டர்
5. ஒரு டேங்கருக்கு சம்ப் எத்தனை செ.மீ. ஏறுகிறது

வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டுப் பின் செய்துவையுங்கள். முதல் மூன்றும் பெரிதாக மாறாது. ஐந்தாவதை மட்டும் ஒவ்வொரு லோடுக்கும் யாராவது ஒருவர் பார்த்தால் போதும். மார்ச், ஏப்ரலில் லோடு கிடைப்பதே கஷ்டமாகும்போது அளவைப் பற்றிப் பேச முடியாது. இப்போதே தொடங்கினால், அந்த நேரத்தில் கையில் கணக்கு இருக்கும்.